ஏரிக்கு வந்த திட்டமும் ஏரியின் நடைமுறையும்

(வானொலியில் பண்ணைச் செய்திப் பகுதியில் ஒலிபரப்பான பேச்சு)



"ஏரியைத் தூர் வாரினாங்க, மதகைப் புதுசாக் கட்டினாங்க, மூணே வருஷத்துல பழையபடி ஆயிடுச்சே!" ஏரிப் பாசனம் உள்ள பல ஊர்களில் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். கான்ட்ராக்டர் சரியில்லை என்பார் ஒருவர். அதிகாரிகள் கவனிக்கவில்லை என்பார் இன்னொருவர். சில இடங்களில் அதுவும் உண்மையாக இருக்கும். ஆனால் வேலை ஒழுங்காக நடந்த ஏரியும் பாழாகிறதே, அது ஏன்? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

திட்டம் வேறு, நடைமுறை வேறு. திட்டத்துக்கு எஸ்டிமேட் உண்டு, ஆரம்பிக்கும் தேதி உண்டு, முடிக்கும் தேதி உண்டு. கடைசி பில் பாஸ் ஆனால் திட்டம் முடிஞ்சு போச்சு. நடைமுறைக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. வருஷா வருஷம், போகத்துக்குப் போகம் செய்துகொண்டே இருக்கவேண்டிய காரியம் அது. கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் குறிக்கலாம், குடித்தனத்துக்குக் குறிக்க முடியுங்களா?

மதகு கட்டுவது திட்டம். அந்த மதகுப் பலகையின் திருகுத் தண்டுக்கு வருஷம் ஒரு தரம் கிரீஸ் போடுவது நடைமுறை. போடாவிட்டால் தண்டு துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் யாராவது கடப்பாரையை விட்டு நெம்புவார்கள், பலகை கோணிக்கொள்ளும், தண்ணீர் ராத்திரி பகலாகக் கசியும். மதகு பக்கத்தில் நட்ட பெயர்ப் பலகைக் கல் மட்டும் பளபளவென்று இருக்கும்!

நம் முன்னோர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. குடவோலைத் தேர்தலைப் பற்றிய கல்வெட்டு என்று பலரும் அறிவார்கள். அந்தத் தேர்தலில் ஏரி வாரியம் என்ற ஒரு குழுவையும் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஆறு பேர். பதவிக் காலம் 360 நாள். அந்த நாள் முடிந்ததும் அடுத்த ஆறு பேர் வருவார்கள். ஏரி வெட்டி முடித்தாயிற்றே, இனி வாரியம் எதற்கு என்று அவர்கள் கலைத்துவிடவில்லை பாருங்க. ஏரிப் பராமரிப்புக்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது.

பின்னால் இது குடிமராமத்து என்று வழங்கிற்று. வெள்ளைக்காரர் ஆட்சியில் வழக்கம் தளர்ந்துபோகவே, 1858-இல் சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டமே போட்டார்கள். சட்டத்தால் கரையில் மண் விழவில்லை. ஊர் வழக்கம் போன பிறகு சட்டம் மட்டும் நின்று என்ன செய்யும்?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளங்கள் உள்ளன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு 1984 வாக்கில் ஏரிகளை நவீனப்படுத்தும் வேலை ஆரம்பமானது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. செலவில் நூற்றுக்குப் பத்து பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். திட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அதன் அவசியம் புரியும்.

நூறு ஏக்கர் நீர்ப்பரப்பு உள்ள ஓர் ஏரியில் ஒரே ஒரு அங்குலம் வண்டல் படிந்தால் அது எவ்வளவு? 3,63,000 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் 3,630 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பர் 1,210 நடை அடிக்கவேண்டும். இது ஓர் அங்குலத்துக்கு! இதை ஊரார் கூடையில் அள்ளி முடிக்க முடியாது. இயந்திரமும் அரசுப் பணமும் வேண்டும்தான். ஆனால் அந்த அங்குலம் மறுபடி சேராமல் தடுக்க இயந்திரம் வராது. வரத்து வாய்க்காலின் கரை சரிந்த இடத்தில் நாலு கூடை மண் வைத்து அணைப்பதும், வாய்க்காலை ஒட்டிய நிலத்துக்காரர் வரப்பை விட்டு உழுவதும்தான் அதைத் தடுக்கும்.

சீமைக் கருவேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடு நெற்றைத் தின்று, சாணத்தோடு விதை ஏரிக்குள் விழுகிறது. முதல் மழையில் முளைத்த கன்றை, மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தியால் வேரோடு எடுத்துவிடலாம். பெண்கள் நாலு பேர் ஒரு காலை நேரத்தில் கணிசமான இடத்தைச் சுத்தம் செய்துவிடுவார்கள். மூன்று வருஷம் விட்டால் பொக்லைன் கேட்கும். பொக்லைன் என்றால் எஸ்டிமேட், எஸ்டிமேட் என்றால் மனு. மரத்தை மேலாக வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்த்துவிடும். சின்ன நடைமுறையை விட்டதால் பெரிய திட்டம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

இதில் அடிபடுகிறவர் யார்? கடைமடைக்காரர். மேல்மடையில் போர் போட்டு மோட்டார் வைத்திருப்பவருக்கு ஏரி நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் நடவு நடக்கும். ஆகவே வாய்க்கால் வெட்ட ஆள் கூப்பிட்டால் வரமாட்டார். நீர்க்கட்டிக்குக் களத்தில் அளக்கும் நெல்லையும் நிறுத்திவிடுவார். நீர்க்கட்டி வேறு வேலைக்குப் போய்விட்டால், தண்ணீர் முறை போட ஆள் இல்லை. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் கடைமடை வயல் வெடிப்பு விடும். மேல்மடைக்காரருக்கு ஒன்று சொல்கிறேன்: ஏரியில் தண்ணீர் நின்றால்தான் ஆயக்கட்டுக் கிணறு ஊறும். உங்கள் போரும் அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

உங்கள் ஊர் ஏரிக்கு இப்போது வேலை நடந்துகொண்டிருந்தால், முடிவதற்கு முன்பே சில விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதகுச் சாவி யாரிடம் இருக்கும்? கலங்கலின் மட்டம் எது? எந்த அடையாளக் கல்? கலங்கலில் மண் மூட்டை அடுக்கித் தண்ணீரை உயர்த்துவதும், உடைத்து இறக்குவதும் சண்டைக்கு விதை. கரை எந்த இடத்தில் பலவீனம் என்று இன்ஜினீயரையே கூட நடந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆடிப் பதினெட்டு கழிந்து ஒரு நாள் குறித்து, வரத்து வாய்க்காலை தலைப்பு முதல் ஏரி வரை ஊரார் நடந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கிவிடும். அதற்குள் வேலை முடியவேண்டும். எலி வளை, மழையில் அரித்த பள்ளம், கரையில் முளைத்த மரம், இவற்றை ஒரு நோட்டில் எழுதி, யார் யார் எந்த இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மீன்பாசிக் குத்தகையில் சங்கத்துக்குப் பங்கு கிடைக்கும் ஊரானால், நீர்க்கட்டி கூலிக்கு அதில் முதலில் ஒதுக்குங்கள், விழாச் செலவு அப்புறம். ஏரி வறண்டிருக்கும்போது வயலுக்கு வண்டல் வேண்டுமென்றால், தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்து அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள். கரையின் அடியை ஒட்டி மட்டும் தோண்டாதீர்கள். அங்கே பள்ளம் விழுந்தால் கரை சரியும்.