பழைய சைக்கிளை இரும்புக்குப் போடுமுன்



வீட்டுக் கோடியில் துருவேறிக் கிடக்கும் சைக்கிளைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் போர்க்காலத்தில் நம்மைத் தாங்கியது அதுதான். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சைக்கிளிலேயே ஏற்றினார்கள். மின்சாரமும் பற்றரியும் இல்லாத 1990களின் யாழ்ப்பாணத்தில் பெடலைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள்.

கண்டி மஹய்யாவையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் குடும்பம், 1977 வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனது. 1990களில் உறவினரிடம் திரும்பியபோது அவருடைய அப்பாவின் றலி சைக்கிளும் லொறியில் வந்தது. அப்பா வரவில்லை. அவருடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரும்பு வாங்குபவர் எடைக்கு விலை பேசிய பிறகே நாங்கள் அதைத் துடைத்துப் பார்த்தோம்.

வயதை அறிய

மூன்று கியர் உள்ள பழைய ஆங்கிலேயச் சைக்கிள்கள் பலவற்றில் பின்சில்லின் நடுவே 'ஸ்டர்மி ஆர்ச்சர்' ஹப் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். 1950களில் செய்த ஹப்பில் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் மாதமும் பொறித்திருக்கும். அக்காவின் ஹப்பில் 57, 3 என்று இருந்தது. அதாவது 1957 மார்ச். "அப்பா பழசாத்தான் வாங்கினாரு" என்றார் அக்கா. சில்லை இடையில் மாற்றியிருந்தால் சைக்கிளின் வயது வேறாகலாம்.

கியர் இல்லாவிட்டால் முன்கழுத்துச் சின்னத்தைப் பாருங்கள். றலிக்கு நாரைத் தலை, பி.எஸ்.ஏ.க்கு மூன்று துப்பாக்கிகள். அந்தச் சின்னத்தையும் பழைய எழுத்துகளையும் சுரண்ட வேண்டாம்.

திருத்தும்போது

இறுகிய நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஓரிரவு விடுங்கள். இடப் பெடலுக்கு மறுபுறப் புரி. வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். மினுக்கிய பாகங்களின் துருவை, அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் தோய்த்துத் தேய்த்தால் போக்கலாம். பழைய றலியின் கழுத்திலும் பெடல் அச்சிலும் குண்டுகள் ஓடும் கிண்ணங்களை எறியாதீர்கள். மற்றவர்கள் அங்குலத்துக்கு 24 புரி வெட்ட, றலி 26 வெட்டியது. புதியது பொருந்தாது. ரயர், ரியூப், பிறேக் கட்டை மூன்றையும் புதிதாகப் போடுங்கள். சட்டத்திலோ முன்கவையிலோ வெடிப்பு இருந்தால் ஓட்டவே கூடாது.

ஹப்பின் இலக்கத்தையும், அதை ஓட்டியவர் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பணக் கஷ்டத்தால் விற்க நேர்ந்தாலும், ஓடும் சைக்கிளாக விலை பேசுங்கள். எடைக்குக் கொடுக்காதீர்கள்.