குளிர்காலக் கண்ணாடி வீட்டிற்கு எவ்வகைச் சூடு?

இங்கிலாந்தில் வீட்டின் பின்புறத் தோட்டத்திலே எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள சிறு கண்ணாடி வீடு அமைத்துச் செடி வளர்ப்போர் பலர். உதகையின் உறைபனியை அறிந்தவர்க்கு அதன் தேவை எளிதில் விளங்கும். கோடை முழுதும் பேணிய ஜெரேனியத்தை ஒரே இரவின் உறைபனி கருக்கிவிடும். கண்ணாடியோ பகலில் வெயிலை உள்ளே விடுமேயன்றி, இரவில் வெப்பத்தைக் காத்துத் தராது.

எக்கருவி நன்று என வினவுமுன், எவ்வளவு சூடு வேண்டும் எனக் கணக்கிடுதல் முறை. ஜெரேனியத்திற்கு 5 டிகிரி சென்டிகிரேடு போதும். வெளியே உறைநிலைக்குக் கீழ் 5 டிகிரி குளிர் நிலவும் இரவில், இச்சிறு வீட்டிற்கு ஏறக்குறைய 1,200 வாட் வெப்பம் தேவைப்படும். உள்ளே 10 டிகிரி வேண்டுமெனில் அதைப்போல் ஒன்றரை மடங்கு செலவாகும். நாலைந்து தக்காளி நாற்றுகளுக்காக வீடு முழுவதையும் சூடாக்குவது வீண். நாற்றுத் தட்டை மட்டும் சூடாக்கும் சிறு மின்கருவிகள் உள்ளன.

செலவை எண்ணாது கட்டியவர் நிலை என்னவாயிற்று? செட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1836-இல் தொடங்கி 1840-இல் முடித்த மாபெரும் கண்ணாடி மண்டபத்தினுள் குதிரை வண்டியே ஓடலாம். எட்டுக் கொதிகலன்கள் நிலக்கரி எரித்து அதற்குச் சூடூட்டின. முதல் உலகப் போரின்போது சூடேற்ற வழியின்றிச் செடிகள் மடிந்தன. 1920-இல் மண்டபமே தகர்க்கப்பட்டது.

மண்ணெண்ணெய் அடுப்பு விலை மலிவு, மின்சாரமும் வேண்டாம். ஆயினும் ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகி உள்ளே தங்கும். அவ்வீரத்தில் சாம்பல் பூஞ்சணம் செழிக்கும். எரிவாயு அடுப்பிற்கும் இக்குறை உண்டு. ஈரத்தினும் கொடியது கார்பன் மோனாக்சைடு எனும் மணமற்ற நச்சுக்காற்று. அடுப்பெரியும்போது சன்னலைச் சிறிதளவேனும் திறந்து வைத்தல் கட்டாயம். சூடு வீணாகிறதே என்று அதனை அடைத்துவிட்டு உள்ளே சென்று வேலை செய்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

மின்வசதி உள்ளவர்க்கு விசிறியோடு கூடிய மின்சூடேற்றியே சிறந்தது என்பது நமது எண்ணம். குறித்த அளவிற்குக் குளிர்ந்தால் தானே இயங்கி, சூடேறியதும் தானே நின்றுவிடும். காற்றும் உலர்ந்திருக்கும். ஆனால் ஈரமான இடமாதலின், தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டே கம்பி இழுக்கவேண்டும். மின்கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் பொருத்தப்படல் வேண்டும்.

எதை வாங்கினும், அதற்கு முன் காற்றுக்குமிழிகள் கொண்ட பிளாஸ்டிக் தாளைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டுக. வெப்ப இழப்பு வெகுவாகக் குறையும். இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் குறித்துக் காட்டும் வெப்பமானி ஒன்றைச் செடிகளின் உயரத்தில் தொங்கவிட்டு, காலைதோறும் பார்த்துவருக.