காட்டுக் காமிராவும் நினைவு அட்டையின் வேகமும்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் பகுதிக்கு அணித்தே ராமகுப்பம் உள்ளது. 1980-களில் ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் இவ்வட்டாரத்தில் வந்து தங்கலாயின. 1990-இல் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. காட்டை அடுத்த வயல்களில் பயிர்ச்சேதமும், சில வேளைகளில் உயிர்ச்சேதமும் நேர்ந்து வருகின்றன. எந்த யானை எவ்வழியாக எந்நேரத்தில் வருகிறது என்று அறிய உதவும் சாதனங்களுள் ஒன்று, பிராணியின் உடல் வெப்பமும் அசைவும் பட்டதும் தானே படமெடுக்கும் காமிரா ஆகும். காதோரக் கிழிசலும் தந்தத்தின் வடிவும் தெளிவாக விழுந்தால் யானையைத் தனித்து அடையாளம் காணலாம்.

2018-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இத்தகைய காமிராக்கள் வைக்கப்பட்டு, 3,48,58,623 படங்கள் கிடைத்தன. அவற்றுள் புலி காணப்பட்டவை 76,651 மட்டுமே. இவ்வளவும் முதலில் பதிவது, மெமரி கார்டு எனப்படும் தபால் தலை அளவேயுள்ள நினைவு அட்டையில்தான்.

ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோக்கா 1980-களில் வகுத்த முறையில் இவ்வட்டை இயங்குகிறது. நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைப்பதே எழுதுதல். அதை அளந்தறிவதே படித்தல். படிப்பது எளிது, எழுதுவதற்கு நேரம் அதிகம். வரி வரியாக எழுதலாம், ஆனால் அழிப்பதாயின் பலகை முழுவதையும் ஒரே முறையில் அழிக்க வேண்டும் என்ற விதியுள்ள ஒரு கரும்பலகையை மாணவர்கள் கற்பனை செய்து பார்க்கட்டும். வேண்டிய மூன்று வரிகள் அதில் எஞ்சியிருந்தால், முதலில் அவற்றை வேறு பலகையில் படியெடுக்க வேண்டும். புதிதாக இருக்கையில் விரைந்து எழுதிய அட்டை, பழசாகி நிரம்பிய பின் தயங்குவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே அட்டையின் மீது பெரிதாக அச்சிட்டுள்ள 170, 200 முதலிய எண்களைக் கண்டு மயங்கலாகாது. அவை பெரும்பாலும் படிக்கும் வேகத்தின் உச்சத்தைக் குறிப்பவை. மேலும் யு.எச்.எஸ்.-1 வகை அட்டையின் இணைப்பு விநாடிக்கு 104 மெகாபைட்டே தாங்கும். அதற்கு மேற்பட்ட வேகம் தயாரிப்பாளரின் தனிப் படிப்பானில் கிடைக்குமேயன்றிக் காமிராவில் கிடைக்காது. பார்க்க வேண்டியது சிறிய குறிகளையே. 'சி' எழுத்தின் வளைவுக்குள் 10 என்றும், 'யு' எழுத்துக்குள் 1 என்றும் இருப்பின், எழுதும் வேகம் விநாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது என்பது பொருள். 'யு'வுக்குள் 3 இருந்தால் 30 மெகாபைட். 'வி' எழுத்தை அடுத்துள்ள 30, 60, 90 ஆகியவை அந்தந்த அளவையே குறிக்கும்.

காமிராவின் கையேட்டில் சலனப்பட வேகம் மெகாபிட்டில் தரப்பட்டிருக்கும். அதை 8-ஆல் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட், இதற்கு 'யு 1' போதாது, 'யு 3' வேண்டும். காட்டுக் காமிராக்களின் தேவை பொதுவாக இதனினும் மிகக் குறைவு. அவற்றுக்கு 'வி 90' வாங்குவது வீண் செலவே. அத்தொகைக்குச் சாதாரண அட்டைகள் பல வாங்கினால், ஒன்று அலுவலகத்தில் இருக்கையில் மற்றொன்று காட்டில் வேலை செய்யும். கையில் ஏந்தி விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் காமிராவின் நிலை வேறு. சுருக்கப்படாத படம் ஒன்று 25 மெகாபைட் எனின், ஒரு விநாடிக்கு 250 மெகாபைட் சேரும். காமிராவின் உள் நினைவகம் நிரம்பியதும், அட்டை எழுதி முடிக்கும்வரை அடுத்த படத்திற்குக் காத்திருக்க நேரிடும்.

யானை கடந்த பின்னரே படம் விழுந்திருப்பின், குற்றம் பெரும்பாலும் அட்டையுடையதன்று, உணர்வியின் தாமதமே. எழுதும்போது மின்கலத்தைக் கழற்றுவதோ பதிவையே கெடுத்துவிடும். பழைய காமிராக்கள் பல, 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டையை ஏற்பதில்லை. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி அட்டைகளும் சந்தையில் உண்டு. அவை நிரம்பிய பின் வரும் படங்கள், எவ்வித எச்சரிக்கையுமின்றி மறைந்துபோகும். காட்டுக்கு அனுப்புமுன் அட்டையை ஒருமுறை முழுதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது ஓரிரு மணி நேர வேலை.