மேசன்மாரின் மூடிய கதவு

மேசன் என்றதும் கல்லும் சாந்தும் கொண்டு சுவர் எழுப்பும் தொழிலாளியே நம் நாட்டவர்க்கு நினைவில் வருவார். ஆனால், சாந்துக் கரண்டியைத் தொட்டறியாத நியாயவாதிகளும் வைத்தியர்களும் வணிகர்களும் தம்மை மேசன்மார் என வழங்கும் சங்கம் ஒன்றும் உண்டு. அதுவே பிறீமேசன் சங்கம். கொழும்பிலுள்ள அவர்களது மண்டபத்தின் பெயர் 'விக்டோரியா மேசனிக் ரெம்பிள்'. பெயரோ கோயில், சடங்கு நடக்கும் வேளையில் அந்நியர்க்குக் கதவு அடைப்பு, வாயிலில் வாளேந்திய காவலர் ஒருவரை நிறுத்துவதும் அவர்கள் மரபு. இஃது ஒரு மறைவான மதமோ என்று அயலவர் ஐயுறுவதில் வியப்பில்லை. அவ்வையத்தை இங்கு ஆராய விழைகின்றேன்.

மரபுவழிச் செய்தியின்படி, 1717 ஆம் ஆண்டு யூன் 24 ஆந் திகதி, 'லொட்ஜ்' எனப்படும் கிளைச் சபைகள் நான்கு இலண்டனில் ஒரு மதுச்சாலையிற் கூடிப் பெருஞ்சபையை நிறுவின. 1723 இல் ஜேம்ஸ் அன்டர்சன் என்னும் கிறித்தவ போதகர் அதற்குச் சட்டநூல் வகுத்தார். முந்திய நூற்றாண்டிற் சமயப் பூசலாற் குருதி சிந்திய நாடு இங்கிலாந்து. ஆகவே, எல்லா மனிதரும் ஒப்பும் சமயமே உறுப்பினர்க்குப் போதும், தனிக் கொள்கைகள் அவரவர்க்கே உரியன என்று அந்நூல் விதித்தது. கற்றச்சரின் கருவிகள் அறப்பாடங்களாயின. மூலைமட்டம் நேர்மையையும், கவராயம் ஆசையை வரம்புக்குள் அடக்குதலையும், மட்டக்கோல் மனிதரின் சமத்துவத்தையும் குறிக்கலாயின.

சமயம் ஆகுமா?

ஆகும் என்போர் காட்டும் சான்றுகள் எளியன அல்ல. ஆங்கிலப் பெருஞ்சபையின் வழிவந்த லொட்ஜுகளில் இறைநம்பிக்கை அற்றவர் சேர இயலாது. 'பிரபஞ்சத்தின் பெருஞ்சிற்பி' என இறைவனைக் குறித்துப் பிரார்த்திப்பர். திறந்துவைத்த திருமறைமீது கைவைத்தே பிரமாணம் செய்வர். அது விவிலியமாகலாம், குர்ஆனாகலாம், பகவத்கீதையும் ஆகலாம்.

ஆயினும், சமயத்தின் உயிர்நிலை இவற்றில் இல்லை என்பதே என் கருத்து. உயிர் எதனாற் கட்டுண்டது, எவ்வாறு விடுதலை பெறும் என்னும் வினாக்களுக்கு விடை பகர்வதே சமயம். கடவுட் கொள்கையின்றியும் சமயம் இருக்கலாம் என்பதற்குப் பௌத்தமே சான்று. அதுவும் துக்கத்துக்குக் காரணம் காட்டி, நீங்கும் வழியும் கூறுகின்றது. மேசன் சபையோ இவ்வினாக்களுக்கு விடை தருவதில்லை. சமய வாதம் லொட்ஜினுள் விலக்கப்பட்டதொன்று.

கல்கத்தாவில் பிரசன்ன குமார தத்தர் என்னும் இந்து சேர விரும்பியபோது, பல தெய்வங்களை வணங்குபவர் ஒரு தெய்வத்தை ஒப்புவாரோ என்ற தடை எழுந்தது. பல்லாண்டுகள் காத்திருந்து 1872 இல் அவர் சேர்ந்தார். அதற்காக அவர் மதம் மாற வேண்டியிருக்கவில்லை. 1877 இல் பிரான்சின் 'கிராண்ட் ஓரியண்ட்' சபை, இறைநம்பிக்கை வேண்டும் என்ற விதியையே நீக்கிற்று. ஆங்கிலப் பெருஞ்சபை அதனுடன் உறவை முறித்தது. பிரெஞ்சுச் சபையோ தன் சடங்குகளுடன் இன்றும் நிலவுகின்றது.

எனினும், கத்தோலிக்க திருச்சபையின் கண்டனத்தைப் புறந்தள்ளல் ஆகாது. பல சமயத்தவரும் இரகசியப் பிரமாணத்தால் ஒன்றாகப் பிணைக்கப்படுவதைச் சுட்டிப் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமென்ற் 1738 இல் தடை விதித்தார். 1983 இலும் 2023 இலும் அத்தடை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. எல்லாச் சமயங்களும் ஒன்றே என்று சபையிற் பழகியவருக்குத் தம் சமயமே மெய்யென்னும் உறுதி தளரக்கூடும். சமயம் அல்லாத ஒன்றும் சமயப் பற்றைத் தீண்டலாம் அன்றோ?

மறைப்பது யாது?

சடங்கின் இரகசியம் எப்போதோ வெளியாகிவிட்டது. 1730 இலேயே சாமுவேல் பிரிச்சார்ட் என்பவர் அதனை நூலாக அச்சிட்டு இலண்டனில் விற்பனைக்கு விட்டார். தில்லையிலே திரை விலக்கினால் வெட்டவெளியே இறைவனாய் விளங்கும்; இங்கே திரை விலகியபின் எஞ்சுவன சில கைக்குறிகளும் குறிச்சொற்களுமே.

பெயர்களை மறைத்தல் வேறு காரியம். 1981 இல் இத்தாலியில், 'பி 2' எனப்பட்ட லொட்ஜின் பட்டியல் பொலிசார் கையிற் சிக்கியது. அமைச்சர்கள், படைத்தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள் உட்பட 962 பெயர்கள் அதில் இருந்தன. அந்நாட்டு மேசன் பெருஞ்சபையே 1976 இல் இடைநிறுத்திய லொட்ஜ் அது. பட்டியல் வெளிவந்ததும் அரசாங்கம் வீழ்ந்தது. மறுவருடம் இரகசியச் சங்கங்களுக்கு எதிராகச் சட்டம் பிறந்தது.

மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனியில் 1935 அளவில் லொட்ஜுகள் யாவும் ஒழிக்கப்பட்டன. ஸ்பெயினில் பிராங்கோ 1940 இல் மேசனாயிருத்தலையே குற்றமாக்கினார். பதிவேட்டில் இருந்த பெயர் அங்கே சிறைக்கு வழிகாட்டியாயிற்று.

ஆதலால், தனிமனிதன் தான் எச்சபையிற் சேர்ந்தான் என்று ஊருக்கு உரைக்கக் கடமைப்பட்டவன் அல்லன். பொதுப்பதவி ஏற்றவர் நிலை அதுவன்று. வழக்கை விசாரிக்கும் நீதிபதி எதிர்த்தரப்பாரோடு ஒரே பிரமாணத்தாற் பிணைக்கப்பட்டவரா என்று அறியும் உரிமை, கூண்டில் நிற்கும் ஏழைக்கு உண்டு. சடங்கு மண்டபத்தின் கதவு மூடியே இருக்கட்டும். அதனால் எவர்க்கும் கேடில்லை. ஊரின் நீதியையும் நிருவாகத்தையும் கையில் வைத்திருப்போரின் பெயரேடு மட்டும் திறந்திருத்தல் வேண்டும்.