திரும்பி வாராத யோயோ

யோயோ என்னும் விளையாட்டுப் பொருளுக்கு இலக்கணம் வகுக்கச் சொன்னால், கையினின்றும் நூல்வழியே இறங்கி மீண்டும் கைக்கே வருவது என்று எவரும் கூறுவர். வருதலே அதற்கு உயிர். வாராதது யோயோ அன்று. நூலிற் கட்டிய கல். இவ்விலக்கணம் நெடுங்காலம் வழுவின்றி நின்றது. இன்றோ, கடைசல் இயந்திரத்திற் பிறந்த உலோக யோயோ வந்திருக்கின்றது. அதனை எறிந்தால் அது நூலின் அடியிலேயே நின்று சுழலும். பழைய வழக்கப்படி நூலைச் சுண்டினாலும் வாராது. விலையோ பழைய பிளாத்திக்கு யோயோவினும் பன்மடங்கு. குறையுடைய பொருளுக்குக் கூடுதல் விலையா என்பது கேட்கத்தக்க கேள்விதான்.

இக்கேள்வி எங்கள் ஆசிரியர் அறையிலும் எழுந்தது. மாணவன் ஒருவன் பல மாதமாகச் சேர்த்த காசைக் கொடுத்து, அத்தகைய யோயோ ஒன்றை வெளிநாட்டிலிருந்து வருவித்திருந்தான். கண்டவர் எல்லாரும் அவனை ஏமாந்தவன் என்றனர். தந்தையார் அதனைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னாராம். ஆசிரிய நண்பர் ஒருவர் தாமே இரண்டு முறை எறிந்து பார்த்து, ‘பழுதான சாமான்’ என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார். பையனின் முகம் வாடிப் போயிற்று. தமிழ் படிப்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். பிறர் கூற்றைத் தடைவிடைகளால் ஆராயாமல் ஏற்றல் ஆகாது என்பது நம் உரையாசிரியர்கள் கற்பித்த பாடம். அதற்கு விளையாட்டுப் பொருள் விலக்கன்று. ஆதலின் அப்பொருளை இரண்டு வாரம் இரவல் வாங்கி, நிறுத்தும், அளந்தும், கழற்றியும், எறிந்தும் பார்த்தேன். பையன் ஏமாறவில்லை என்பதே என் முடிபு. அம்முடிபுக்குரிய காரணங்களை வாசகர்முன் வைக்கின்றேன்.

விளையாட்டு மிகப் பழையது. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கிண்ணம் ஒன்றிலே, சிறுவன் ஒருவன் நூலில் வட்டொன்றைத் தொங்கவிட்டு ஆடும் ஓவியம் உளது. அக்கிண்ணம் பேர்லின் அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் சீமான்களும் சீமாட்டிகளும் இதனைக் கைக்கொண்டு திரிந்தனர். அக்காலத்து ஐரோப்பியர் நூலை அச்சில் இறுகக் கட்டிவிட்டனர். அது இறங்கும், ஏறும், அவ்வளவே. பெரிய மாற்றம் பிலிப்பைன் தீவினரால் வந்தது. அவர்கள் நூலை அச்சிற் கட்டவில்லை. இரண்டு புரியாக முறுக்கிய நூலின் அடியைப் பிரித்து வளையமாக்கி, அவ்வளையத்துள் அச்சை மாட்டினர். நூல் முழுதும் அவிழ்ந்த பின்னும் அச்சு வளையத்துக்குள் நின்று சுழல இயன்றது. அத்தீவுகளிலிருந்து அமெரிக்கா சென்ற பெத்ரோ புளோரெஸ் என்பவர் 1928 இல் கலிபோர்ணியாவிலே இவ்வகை யோயோக்களைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர் டொனால்ட் டங்கன் என்னும் வணிகர் அத்தொழிலை வாங்கி நாடெங்கும் பரப்பினார். யோயோ என்ற சொல்லே டங்கன் நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்தது. அது பொதுச்சொல் ஆகிவிட்டது என்று 1965 இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்தது. சொல், அதனை வழங்குவோருக்கே உரியது என்பதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டமை எம்போன்றோர்க்கு மகிழ்ச்சி தருவதாம்.

நூலின் அடியில் நின்று சுழலும் நிலையை ஆங்கிலேயர் உறக்கம் என்பர். எனக்கு அச்சொல் போதவில்லை. புறத்தே அசைவற்றது போலத் தோன்றி, அகத்தே விழிப்பாயிருக்கும் நிலைக்குத் தமிழில் அறிதுயில் என்றொரு சொல் உண்டு. பாற்கடலிற் பள்ளிகொண்டானுக்கு உரிய சொல்லை விளையாட்டுப் பொருளுக்கு இடுவதா என்று வைணவ அன்பர் சினவாதிருப்பாராக. இதனினும் பொருந்திய சொல் கிடைத்தில்லை.

இந்த அறிதுயிலை நீட்டுவதற்கென்றே உலோக யோயோவின் ஒவ்வோர் உறுப்பும் அமைந்துள்ளது. மர அச்சில் நூல் நேரே உரசும். உரசவே வெப்பம் பிறக்கும், சுழற்சி தேயும். வல்லவர் எறிந்தாலும் அரை நிமிடம் நிற்றல் அரிது. இக்குறையை நீக்க வந்தது குண்டுப் போதிகை. மிதிவண்டிச் சக்கரத்தின் நடுவிலே உருளும் குண்டுகளை நினைந்துகொள்க. அச்சின்மேல் அத்தகைய சிறு போதிகை ஒன்று அமர, நூல் அதன் வெளிவளையத்தைச் சுற்றி நிற்கும். அச்சும் உடலும் சுழலுகையில் வெளிவளையம் நூலோடு அசையாதிருக்கும். சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பல் வைத்தியர் தொம் கூன் 1990 இல் குண்டுப் போதிகை பொருத்திய அலுமினிய யோயோவை வெளியிட்டார். இன்றுள்ள உலோக யோயோக்களுக்கு அது முன்னோடி. சுழலும் கருவியோடு நாள்முழுதும் பழகிய ஒருவர் இதனைச் செய்ததில் வியப்பில்லை.

இனி, பையனுடைய பொருளுக்கு வருவோம். முழுதும் அலுமினியம். விட்டம் 56 மில்லிமீற்றர். அகலம் 44 மில்லிமீற்றர். நிறை 66 கிராம். இவ்வளவும் கொண்ட அலுமினியக் கட்டியொன்று உள்ளீடற்றதாக இல்லாதிருப்பின் ஏறக்குறைய 290 கிராம் இருத்தல் வேண்டும். ஆகவே கைக்கு வருவது காற்பங்கினும் குறைவு. முக்காற்பங்குக்கு மேல் கடைந்து நீக்கப்பட்டது. எதனை வைப்பது என்பதினும் எதனை நீக்குவது என்பதே இங்கே சிற்பியின் கலை. நடுவிலும் பக்கச் சுவர்களிலும் உலோகம் தகடுபோல் மெலிந்திருக்க, விளிம்பிலே மட்டும் தடித்துத் திரண்டிருக்கின்றது.

காரணம் குயவனுக்குத் தெரியும். அவன் திகிரியின் விளிம்பு கனத்திருக்கும். ஒருமுறை சுழற்றிவிட்டால் அது சட்டி வனைந்து முடியும்வரை சுழலும். பௌதிக ஆசிரியர்கள் இதனைச் சடத்துவத் திருப்பம் என்பர். ஒரே திணிவும் ஒரே விட்டமும் உடைய இரண்டு பொருள்களில், திணிவு எங்கும் சமமாகப் பரந்த வட்டத்தட்டினும், திணிவு முழுதும் விளிம்பிலே நிற்கும் வளையத்துக்கு அத்திருப்பம் இருமடங்கு. எறிதற்கு வேண்டும் வலியும் சிறிது மிகும். ஆயினும் கொடுத்த சுழற்சியை அது எளிதில் விடாது. சுழலும் தளத்தினின்று சாய்வதற்கும் உடன்படாது. ஆடும்போது நூல் ஒருபுறச் சுவரை உரசினால், இலேசான யோயோ தலைதிரும்பிச் சாயும்; விளிம்பு கனத்தது பொறுத்துக்கொள்ளும்.

வடிவம் உடுக்கின் வடிவம். இடை சிறுத்து, இருவாயும் விரிந்தது. பழைய யோயோ இரண்டு பணியாரங்களை முதுகோடு முதுகு ஒட்டியது போன்றது. உடுக்கு வடிவில், விரிந்த வாய் நூலைத் தானே உள்வாங்கி நடுவுக்குச் செலுத்துகின்றது. சுழலும் யோயோவை நூலின்மேல் ஏற்றி, இறக்கி, விரல்களுக்கிடையே பின்னி ஆடும் இக்காலத்து ஆட்டத்துக்கு இவ்வகலம் இன்றியமையாதது.

இப்பொழுது தடைக்கு விடை கூறலாம். வாராமை ஏன்? பழைய யோயோவில் இருபாதிகளுக்கும் இடையே உள்ள சந்து குறுகியது. சுண்டியவுடன் நூல் தளர்ந்து, சுவரிற் பற்றி, அச்சிற் சுற்றிக்கொள்ளும், யோயோ மேலேறும். புதிய ஆட்டத்திலோ இரண்டு மூன்று நூலிழைகள் ஒரே வேளையில் அச்சந்தினுட் கிடக்கும். நூல் தொட்டபொழுதெல்லாம் யோயோ ஏறிவருமாயின் ஆட்டம் தொடங்குமுன்னே முடியும், விரலும் அடிபடும். ஆதலால் சந்தை அகலமாக்கி, பற்றுந் தன்மையுள்ள சிலிக்கோன் வளையங்களைச் சுவரிலே சற்றுப் பள்ளமாகப் பதித்தனர். ஒற்றை நூல் அவற்றைத் தீண்டாது. ஆடி முடித்தவன் நூலை மடித்து அச்சந்தினுட் செலுத்தினால், மடிந்த நூல் திரண்டு வளையங்களிற் பற்றும்; யோயோ நூலைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து கைக்கு வரும். இச்செயலுக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர் ‘கட்டு’ என்னும் பொருளது. யாத்தல் என்றாலும் கட்டுதலே. செய்யுளை யாத்து முடிப்பது போல இங்கே ஆட்டத்தை யாத்து முடிக்கின்றார்கள். வருதல் ஒழியவில்லை, பொருளின் இயல்பாக இருந்தது ஆடுவோன் வினையாக மாறிற்று. நம் நண்பர் இரண்டு முறை எறிந்தார். இரண்டு முறையும் யாக்கவில்லை. பழுது பொருளில் இல்லை.

நூலின் அடியில் யோயோவை நிறுத்திவைப்பது எது என்பதற்கு ஒரு நல்ல சான்று வானத்திலிருந்து வந்தது. 1985 ஏப்ரல் மாதம் டிஸ்கவரி விண்ணோடத்திற் சென்ற டேவிட் கிரிக்ஸ் அங்கே ஒரு யோயோவை ஆடிக்காட்டினார். இறங்கியது, ஏறியது, அறிதுயில் மட்டும் கொள்ளவில்லை. அடியிலே பிடித்து நிறுத்தும் பாரம் அங்கே இல்லாமையால் அது உடனே மீண்டது. அறுபது கிராமுக்கு மேற்பட்ட நிறையை வடிவமைப்போர் ஏன் விடாது பேணுகின்றனர் என்பது இதனால் விளங்கும். நூலை விறைப்பாக வைத்திருப்பதும் அந்நிறையே.

நடைமுறையில் எவ்வாறு இருந்தது? முதல் நாள் என் எறிதல் கோணிற்று. யோயோ சாய்ந்து நூலை உரசி நின்றது. நான்காம் நாள் ஒரு நிமிடம் தாண்டிற்று. வாரம் இரண்டானபோது, என்னைப் போன்ற ஐம்பது கடந்த கைக்கும் இரண்டு நிமிட அறிதுயில் வாய்த்தது. சுழலும் விளிம்பில் நகத்தை மெல்ல வைத்தால் உலோகத்தின் அதிர்வு தெரியும்; இப்பொருளில் அது மிகச் சிறிது. இரு பாதிகளும் ஒரே அச்சில் நேராகக் கடையப்பட்டமைக்கு அதுவே சான்று. மணல் வீசி மங்கச் செய்த மேற்பரப்பு, சுழலும்போதே விரல்நுனியில் ஏந்த இடந்தருகின்றது.

குறைகளும் உள. சீமெந்துத் தரையில் ஒருமுறை மோதினால் விளிம்பில் வடு விழும். அவ்வடு விரலைக் கீறும். பாதிகளை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியத்திலுள்ள புரி அழிந்து பொருள் பாழாகும். முழங்கையிலோ பல்லிலோ பட்டால் பிளாத்திக்கு யோயோவைப் போல மன்னிக்காது. எறிந்தவுடன் சுண்டிச் சுண்டி வட்டமிடும் ஆட்டத்துக்கு இது சிறிதும் உதவாது. அவ்வாட்டத்தில் வல்லோர் இன்றும் ஒடுங்கிய பிளாத்திக்கு யோயோவையே இருகையிலும் கொள்வர். வெண்பாவில் வல்லவன் விருத்தத்திலும் வல்லவனாதல் வேண்டும் என்ற விதி இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதனை முதல் யோயோவாகக் கொடுத்தலும் தகாது. வாராத பொருளோடு அப்பிள்ளை எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும்?

இதனினும் விலையேறியவை உண்டு. அலுமினிய உடலுக்குத் துருவேறா உருக்கு விளிம்பு பொருத்துவர். உருக்கு அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியுடையது, ஆதலின் திணிவு இன்னும் வெளியே போகும், அறிதுயிலும் நீளும். இரண்டு உலோகங்களையும் பிசகின்றிப் பொருத்தும் வேலைக்கே காசு. டைட்டேனியத்திலும் செய்கின்றனர். அது சீமெந்துத் தரையிற் பட்டால் தீப்பொறி பறக்கும். அதனை இராக்காலத்து வேடிக்கையாகக் காட்டுவாரும் உளர். ஆயினும் 2014 இல் பிராக் நகரத்து உலகப் போட்டியிலே, ஒருகை நூலாட்டத்தில் முதலிடம் பெற்ற அமெரிக்க இளைஞர் ஜென்ட்ரி ஸ்ரைன் கையில் இருந்தது ‘ஷட்டர்’ என்னும் அலுமினிய யோயோ. உருக்கு விளிம்பு அதற்கு இல்லை. பையனிடம் இதனைச் சொன்னேன். உருக்கு விளிம்புள்ளதற்கு இனிமேலும் காசு சேர்க்க எண்ணியிருந்தானாம். அக்காசுக்கு நூல் வாங்கு என்றேன். பொலியெஸ்ரர் நூல் நாள்தோறும் ஆடுவோனுக்கு விரைவில் தேயும். தேய்ந்த நூல் அறுந்தால் 66 கிராம் உலோகம் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. புது நூலை மாட்டி, யோயோவை நிலத்தில் வைத்து, நூல் கொப்பூழுக்குச் சற்று மேலே வருமளவில் நறுக்கி விரல்வளையம் இடுக. எறியுமுன் அதனைத் தொங்கவிட்டு முறுக்கைத் தளர்த்துக.