மாங்கன்று வாங்கப் போகிறீர்களா?

புடவை வாங்கினால் சாயம் நிற்குமா, நிற்காதா என்பது முதல் சலவையிலேயே தெரிந்துவிடும். பருப்பு வேகுமா என்பது அன்றைய சமையலிலேயே தெரிந்துவிடும். மாங்கன்று அப்படியில்லை. சீட்டில் எழுதிய பெயர் மெய்யா பொய்யா என்று தெரிய மூன்று, நான்கு வருஷமாவது ஆகும். அதற்குள் விற்றவர் எங்கே, நாம் எங்கே!

எங்கள் எதிர்வீட்டு அக்கா, கைக்குழந்தையோடு இருந்த சமயம், தள்ளுவண்டிக்காரர் ஒருவரிடம் 'இமாம்பசந்த்' என்று கேட்டு வாங்கி நட்டார். அந்தக் குழந்தை இரண்டாம் வகுப்புப் போகிற வருஷம்தான் மரம் காய்த்தது. பழுத்தும் புளிப்பு, ஒரே நார். "வெட்டவும் மனசு வரலை, திங்கவும் முடியலை, பாரு" என்றார். காசு போனது பெரிதில்லை. அத்தனை வருஷம் போயிற்றே!

காரணம் இதுதான். நம் ஊர் ரகங்கள் பெரும்பாலானவற்றில் கொட்டையிலிருந்து முளைக்கும் கன்று, தாய் மரத்தைப் போலவே பழம் தராது. வேறு மரத்தின் மகரந்தமும் அதில் கலந்திருக்கும். நல்ல மரத்தின் குச்சியை எடுத்து, கொட்டைக்கன்றில் ஒட்டுக் கட்டினால்தான் அதே பழம் வரும், காய்ப்பதும் சீக்கிரம்.

ஆகவே முதலில் அடித்தண்டில் ஒட்டுப் போட்ட வடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் வடு இருந்தால் ஒட்டுச்செடி என்றுதான் அர்த்தம். என்ன ரகம் என்று அது சொல்லாது. இலையைப் பார்த்துச் சொல்லவும் நம்மால் ஆகாது. அதனால்தான் வாங்குகிற இடம் முக்கியம் என்கிறேன்.

"குச்சி எந்த மரத்திலேருந்து எடுத்தீங்க? தாய் மரத்தைக் காட்டுவீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல நர்சரிக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். எங்கே வாங்கினாலும் ரகத்தின் பெயர் எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி எல்லாம் ஒரே மாங்காய்தான். மூன்று பெயருக்கு மூன்று கன்று வாங்கிவிடாதீர்கள்! இடம் குறைவென்றால் ஆம்ரபாலி நல்லது. தஷேரியையும் நம் நீலத்தையும் கலந்து டில்லியில் உண்டாக்கிய ரகம். மரம் குட்டையாகவே வளரும்.

தொட்டியிலேயே காய் தொங்குகிறதே என்று மயங்க வேண்டாம். இளங்கன்றில் முதல் இரண்டு, மூன்று வருஷம் வரும் பூவைக் கிள்ளிவிடுவதுதான் செடிக்கு நல்லது.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். பாலிதீன் நாடா சுற்றியிருந்தால், ஒட்டு நன்றாகக் கூடியபின் அவிழ்த்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் உடனே கிள்ளுங்கள். விட்டால் கொட்டைக்கன்று மேலோங்கி, ஒட்டிய குச்சி பட்டுப்போகும். சரியான பெயரோடு வாங்கிய கன்றும் அப்போது பொய்யாகிவிடும்.

காகிதச் சீட்டு ஒரு மழைக்குத் தாங்காது. சிறிய அலுமினியத் தகட்டில் ஆணியால் பெயரைக் கீறி, பக்கத்தில் ஒரு குச்சியில் கட்டிவையுங்கள். ரகம், வாங்கிய இடம், தேதி மூன்றையும் வீட்டுக் கணக்கு நோட்டில் குறித்து, ரசீதையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். நாளைக்கு உங்கள் பெண், "அம்மா, இது என்ன மாம்பழம்?" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.