ஓவியர் மோனேயின் கண்புரை

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பின்னரும், இன்னும் சில மாதங்கள் போகட்டுமே என்று தயங்குவோர் பலர். அத்தயக்கத்தை நாங்கள் குறை கூறுவதில்லை. பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தயங்கினார். அந்த ஆண்டுகளில் அவர் கண்ட உலகம் எவ்வாறு மாறியது என்பதை அவருடைய ஓவியங்களே காட்டுகின்றன.

1840இல் பாரிஸில் பிறந்த மோனே, பொருள்களைக் காட்டிலும் அவற்றின் மீது விழும் ஒளியையே வரைந்தவர். 1874இல் அவர் காட்சிக்கு வைத்த சூரிய உதய ஓவியத்தின் தலைப்பிலிருந்தே ‘இம்ப்ரெஷனிசம்’ என்னும் பெயர் பிறந்தது. 1883இல் ஜிவெர்னி என்னும் சிற்றூரில் குடியேறிய அவர், அங்கே அல்லிக்குளம் ஒன்றை அமைத்து, இறுதிவரை அதனையே மீண்டும் மீண்டும் வரைந்தார்.

1912இல் அவருடைய இரு கண்களிலும் புரை இருப்பது கண்டறியப்பட்டது. கண்ணின் வில்லை முதிரும்போது மங்குவதோடு மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறுகிறது. நீலமும் ஊதாவும் முதலில் மறைகின்றன. மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்வதால், பெரும்பாலோர் அதனை உணர்வதே இல்லை. வண்ணங்களையே நம்பி வாழ்ந்த மோனே உணர்ந்தார். வண்ணக் குழாய்களின் மேலிருந்த பெயர்களைப் பார்த்தும், தட்டில் வண்ணங்களை மாறாத வரிசையில் வைத்தும் சமாளித்தார். குளத்தின் மேலுள்ள பாலத்தை 1899இல் அவர் வரைந்த ஓவியங்களில் பசுமையும் நீலமும் தெளிவாக உள்ளன. 1918க்குப் பின் வரைந்தவற்றில் செம்மையும் பழுப்பும் சூழ்ந்து, பாலத்தையே தேட வேண்டியுள்ளது.

அறுவைச் சிகிச்சையை அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அவரறிந்த ஓவியர் மேரி கசாட்டுக்கு அச்சிகிச்சை பலன் தரவில்லை. மருத்துவம் பயின்றவரும் முன்னாள் பிரதமருமான நண்பர் கிளெமான்சோ விடாமல் வற்புறுத்தினார். 1923இல் மருத்துவர் ஷார்ல் கூத்தெலா, வலக்கண்ணில் மட்டும், பல கட்டங்களாக அறுவை செய்தார். கண்கள் கட்டப்பட்டு அசையாமல் படுத்திருக்க வேண்டிய நாட்களில் மோனே பொறுமையிழந்து கட்டுகளைப் பிய்க்க முயன்றார்.

பார்வை திரும்பியபின் மகிழ்ச்சி உடனே வரவில்லை என்பதே நாங்கள் வலியுறுத்த விரும்புவது. செயற்கை வில்லை அன்று இல்லை. அதனை முதன்முதலில் ஒருவர் கண்ணில் பொருத்தியது 1949இல்தான். ஆகவே மோனே தடித்த கண்ணாடியை நம்ப வேண்டியதாயிற்று. அதன்வழி கோடுகள் வளைந்தன. எல்லாம் மிகை நீலமாகத் தெரிந்தது. பயனில்லை என்று கடுஞ்சினத்துடன் மருத்துவருக்கு எழுதினார். வண்ணம் பூசிய கண்ணாடிகள் உள்ளிட்ட பல மாற்றங்களுக்குப் பின்னரே, 1925இல் அவருக்குப் பார்வை ஓரளவு இணங்கியது. இன்று வில்லை பெரும்பாலும் அதே அறுவையில் பொருத்தப்படுகிறது. எனினும் முதல் சில நாட்கள் வெண்மை நீலம் தோய்ந்ததாகத் தோன்றினால் அஞ்ச வேண்டா. மூளைக்குப் பழகச் சிறிது காலம் தேவை. வலியோ, பார்வை திடீரெனக் குறைவதோ இருந்தால் மட்டும் காத்திராமல் உடனே வாருங்கள்.

இடக்கண்ணில் அறுவை செய்ய மோனே இறுதிவரை இசையவில்லை. அரசுக்கு வாக்களித்திருந்த அல்லி ஓவியங்களை மீண்டும் திருத்தினார். மனநிறைவு தராத சிலவற்றை அழித்தார். 1926 டிசம்பர் 5 அன்று மறைந்தார். இரண்டு மீட்டர் உயரமுள்ள அப்பெரும் ஓவியங்கள் மறு ஆண்டு மே மாதம் பாரிஸின் ஓராஞ்செரியில் மக்கள் பார்வைக்கு வந்தன.

இந்த ஆண்டுகளிலெல்லாம் அவருடன் இருந்தவர் பிளான்ஷ். மோனேயின் இரண்டாம் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகளும், மோனேயின் மறைந்த மூத்த மகனின் மனைவியுமான அவர், தாமே ஓர் ஓவியர். நூல்கள் அவரைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. நோயாளியின் அருகிருப்போர் பலருக்கும் நேர்வதே அது. 1914 முதல் மோனேயின் வீட்டையும் சினத்தையும் சோர்வையும் அவரே தாங்கினார். மோனே மறைந்த பின்னரும் ஜிவெர்னியிலேயே தங்கி, 1947இல் தாம் இறக்கும்வரை அந்தத் தோட்டத்தைப் பேணிவந்தார்.